மாஸ்டர் பக்கத்து பிரேக்

மேனேஜரின் தலைக்கு மேலே, 'கஷ்டத்திலும் கைவிடோம்' என்று வங்கி கொட்டை எழுத்தில் சத்தியம் செய்திருந்தது. எதிரே டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். கால் முறிந்து அரை வருடம் படுக்கையில் கிடந்ததில் வீட்டுக் கடன் தவணை நின்றுபோயிருந்தது. இப்போது மறுபடி வண்டி ஏறிவிட்டார். தவணையைக் குறைத்து, வருடத்தை நீட்டிக் கொடுத்தால் வீடு தப்பும். அதைக் கேட்டுப் போன மாதமே எழுதிக் கொடுத்திருந்தார்; பதில் கேட்கத்தான் இப்போது வந்திருந்தார்.

மேனேஜருக்கு வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுத்ததும் அவர்தான். கிளட்ச் எது, பிரேக் எது என்று மாதக்கணக்கில் பிடிபடாத மனிதரை மாஸ்டர் கைவிடவில்லை.

"நீங்க நம்ம குடும்பம் மாஸ்டர்," என்றார் மேனேஜர். "ஆனா உங்க கடன் இப்ப நம்மகிட்ட இல்ல."

"நான் இன்னும் அடைக்கலையே சார்."

"போன வாரம் வித்துட்டோம். உங்களது மாதிரி நிறைய கடனை மொத்தமா கட்டி ஒரு கம்பெனிக்குக் கொடுத்தாச்சு. கணக்கு சுத்தமாயிடுச்சுன்னு ஹெட் ஆபீஸ்ல கேக் வெட்டினாங்க."

"எவ்வளவுக்குப் போச்சு?"

மேனேஜர் பேனா மூடியைத் திருகினார். "மூணுல ஒரு பங்குக்கு."

"நான் முழுசாவே கட்டுறேன்னுதானே சார் எழுதிக் கொடுத்தேன்? அவகாசம் மட்டும்தானே கேட்டேன்?"

"படிச்சேன். நியாயமாத்தான் இருந்துச்சு. ஆனா அவகாசம் கொடுத்தா அது வாராக்கடனாவே நம்ம கணக்குல உக்காந்திருக்கும்."

"அந்த விலையை எங்கிட்டயே சொல்லியிருந்தா, மச்சான் கால்ல விழுந்தாவது புரட்டியிருப்பேன்."

"கடன் வாங்கினவங்களுக்கே குறைச்சுக் கொடுத்தா ஒழுக்கம் கெட்டுடும் மாஸ்டர்."

மேஜைக்கடியில் மாஸ்டரின் கால் தரையை அழுத்தியது. பயிற்சி வண்டியில் அவர் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. ஓட்டுகிறவர் தாறுமாறாகப் போனால் கால் தானாக அங்கே போய்விடும். இங்கே வெறும் டைல்ஸ்.

கோபம் வரும் என்று காத்திருந்தார். காபிதான் வந்தது. குடித்தார்.

வீட்டு வாசலில் டை கட்டிய ஒருவன் போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தான். மனைவி ஈரக் கையோடு நிலைப்படியில் நின்றாள்.

"யாருங்க இவரு? சுவத்தையெல்லாம் தட்டிப் பாக்குறாரு."

"நம்ம கடனை விலைக்கு எடுத்த கம்பெனி ஆளு."

"பேங்க்ல பேசினீங்களா?"

"பேசினேன்."

"என்ன சொன்னாங்க?"

"நம்ம குடும்பம்னாங்க."

"சார், கொஞ்சம் தள்ளி நில்லுங்க," என்றான் டை கட்டியவன். "வாசல் மறையுது."

மாஸ்டர் தள்ளி நின்றார். படம் நன்றாக விழுந்தது.