வேன் எந்தப் பக்கமாகச் சுற்ற வேண்டும்

1.

ஒரு நாளிதழுக்கு எழுதிய கடிதத்தில் மிச்சம் விழுந்ததுதான் இந்தக் கதை. பொருள்: நாடுகள் தங்கள் தேர்தல் முறையை ஏன், எப்படி மாற்றுகின்றன. ஒன்பது பக்கம். பத்திகளுக்கு எண் போட்டு, இடப்பக்கம் ஓரம் விட்டு எழுதினேன். (குன்னத்தூரில் படித்தபோது பரீட்சையில் கடிதப் பகுதிக்கு எனக்குப் பத்துக்குப் பத்து.) அவர்கள் போட்டது ஒரே வரி: "தேர்தல் முறை மாற வேண்டும்." கீழே என் பெயரும் தப்பு.

மீதி எட்டேமுக்கால் பக்கத்தை வீணாக்க மனம் வரவில்லை.

2.

தொடக்கம், முதல் முயற்சி: "நியூசிலாந்தில் அடுத்தடுத்து இரண்டு தேர்தல்களில் அதிக ஓட்டு வாங்கிய கட்சி எதிர்க்கட்சி வரிசையில் உட்கார்ந்தது. அதனால் மக்கள்..."

(விட்டுவிட்டேன். இதை வாசித்துக் காட்டியபோது என் வீட்டார் துணி மடிக்கப் போய்விட்டார்கள்.)

இரண்டாம் முயற்சி: பெருமாநல்லூரில் ஒரு பனியன் கம்பெனி. அங்கே ஒரு வேன். காலையில் அது வட்டமாகச் சுற்றி நாற்பத்தாறு பேரை ஏற்றிவரும். எந்தப் பக்கமாகச் சுற்றுவது என்று முடிவு செய்பவர் வேன் லீடர். வருடத்துக்கு ஒரு தேர்தல்.

இது பரவாயில்லை.

3.

ஐந்து வருடமாக லீடர், கட்டிங் செக்‌ஷன் சுப்பையன். வேன் அவரைக் கடைசியாக, எட்டே காலுக்கு ஏற்றும். அதாவது அவர் ஏழரை வரை தூங்கலாம். செக்கிங் விஜயராணியை முதலில், ஏழு இருபதுக்கு ஏற்றும். அவளுக்கு இரண்டாம் வகுப்பில் ஒரு மகள். பள்ளிக்கூடத்து கேட் எட்டு மணிக்குத்தான் திறக்கும். மகளைப் பூட்டிய கேட் முன்னால் நிற்க வைத்துவிட்டுத்தான் விஜயராணி தினமும் வேன் ஏறுகிறாள். வேன் எதிர்ப்பக்கமாகச் சுற்றினால், கேட் திறந்து பிள்ளை உள்ளே போவதைப் பார்த்துவிட்டு ஏறலாம்.

(மகளைக் கதையில் சேர்த்தது நான்தான். வேன் தகராறை மட்டும் யார் படிப்பார்கள்? பிறகு, சுலபமாக அழ வைக்கிறேனோ என்று சந்தேகம் வந்து 'மகள்' என்ற சொல்லை அடித்துப் பார்த்தேன். கேட் முன்னால் புத்தகப்பை மட்டும் நின்றது. திரும்ப எழுதிவிட்டேன்.)

4.

போன தேர்தலில் சுப்பையனுக்குப் பதினெட்டு ஓட்டு. பேக்கிங் ராபினுக்குப் பதினைந்து. விஜயராணிக்குப் பதிமூன்று. பின்னவர்கள் இருவரும் வேனைத் திருப்பத்தான் நின்றார்கள். ஆக, இருபத்தெட்டுப் பேர் திருப்பச் சொல்லியும் வேன் திரும்பவில்லை.

"அண்ணாச்சி, வாரத்துக்கு ஆறு நாள். ரெண்டு நாள் உங்க பக்கம், நாலு நாள் எங்க பக்கம் சுத்தட்டும்" என்றான் ராபின். "பொட்டியில ஸ்மால் ரெண்டு, மீடியம் நாலுன்னு ரேஷியோ போட்டுக் கட்டுறோம்லா, அது மாதிரி."

"ஏன் கண்ணு, வேன் என்ன அட்டப் பொட்டியா? நாளைக்கு என்னையவும் மடிச்சு பாலிதீன் கவர்ல போடுவ போல இருக்குது" என்றார் சுப்பையன்.

இந்த இடத்தில் என் ஒன்பது பக்கத்தின் சாரம்: தோற்றவர்கள் கத்துவதால் மட்டும் முறை மாறுவது அபூர்வம். பழைய முறையில் நாமும் தோற்போம் என்று ஜெயித்தவருக்குப் பயம் வர வேண்டும். ராபினும் விஜயராணியும் ஒன்று சேரப் போகிறார்கள் என்று சுப்பையன் காதுக்குப் பேச்சு போயிற்று. (யார் விலகுவது என்று அவர்கள் இருவரும் மூன்று வாரமாகச் சண்டை போட்டது அவர் காதுக்குப் போகவில்லை.)

மறுநாளே சுப்பையன் சொன்னார்: "ஏனுங்க, இந்த எலெக்சன் முறைய மாத்திப்புடலாமுங்க. ரொம்பப் பழசாயிருச்சு."

5.

புதிய முறை: சுவரில் மூன்று பெயர். ஒருவர் ஒருவராக அறைக்குள் போய், ஒட்ட வேண்டிய பெயர்களின் மேல் ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். ஒரு பெயருக்கும் ஒட்டலாம், மூன்றுக்கும் ஒட்டலாம். யோசனை மேனேஜர் திருமூர்த்தியுடையது. (என்னுடையது. முடிவு தெரிந்தபின் அவர் தலையில் போட்டேன்.) ஸ்டிக்கருக்குச் செலவில்லை. செக்கிங்கில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர்* ('ஏரோ' என்பார்கள்) கட்டுக்கட்டாகக் கிடக்கிறது.

முடிவு: சுப்பையன் முப்பத்தொன்பது. மற்ற இருவருக்கும் எட்டு எட்டு.

சுப்பையன் அழுதுவிட்டார். எல்லோருக்கும் போண்டா வாங்கி, முதல் போண்டாவை விஜயராணியிடம் நீட்டினார். "செக்கிங்காரங்களுக்கு எம்மேல இத்தன பிரியம்னு எனக்குத் தெரியாதுங்கம்மா."

விஜயராணி வாங்கவில்லை. "பிரியமா? உங்க மேலதான ஏரோ ஒட்டுனோம்!"

"ஆமாங்க, அதத்தானுங்க சொல்றேன்."

"ஐயோ... எங்க ஏரோ ஒட்டுறமோ அங்க டேமேஜ்னுதானண்ணே அர்த்தம்!"

இருபது செக்கிங் பெண்களும் தலையாட்டினார்கள். ராபின் வாயில் பாதி போண்டா.

"எலெக்சன்ல நின்ன நீயுமாக்கா?" என்றான்.

"பதினோரு வருசமா இந்தக் கை அப்படித்தான போவுது. நானும் அவரு மேலதான் ஒட்டுனேன். ரெண்டு."

* அடிக்குறிப்பு (தாமதத்துக்கு வருந்துகிறேன்): துணியில் ஓட்டை, எண்ணெய்க் கறை, விட்டுப்போன தையல் இருந்தால், அந்த இடத்தைக் காட்ட ஒட்டுவது.

6.

முடிவுகள்:

அ) மறுதேர்தல். (எழுதினேன். ராபினும் விஜயராணியும் மறுபடி சண்டை போட ஆரம்பித்துவிட்டார்கள்.)

ஆ) சுப்பையன் மனம் மாறி, தானே வேனைத் திருப்புகிறார். "அவர் கண்களில்..." (இல்லை. அவர் ஏழரைக்குத்தான் எழுவார். கண் மூடியிருக்கும்.)

இ) திருமூர்த்தி, முப்பத்தொன்பது என்பது ஜெயிப்பா பழுதா என்று விளக்கம் கேட்டுக் கடிதம் எழுதச் சொல்கிறார். எழுதிக்கொண்டிருப்பவன் நான். இது ஏழாவது பக்கம்.

அதற்குள் திங்கட்கிழமை வந்துவிட்டது. மணி ஏழு இருபது. விஜயராணியும் மகளும் பள்ளிக்கூடத்து கேட் முன்னால், சாலை ஓரத்தில் நிற்கிறார்கள். வேன் வந்தால் மகள் தனியாக நிற்பாள். வராவிட்டால் எட்டு மணிவரை இருவரும் சேர்ந்து நிற்பார்கள். மகள் இரண்டு பக்கமும் எட்டிப் பார்க்கிறாள்.

வாசகர் அவர்களுக்கு, ஒரு அம்பு ஸ்டிக்கர் இத்துடன் இணைத்துள்ளேன். கதையில் பழுது இருக்கும் இடத்தில் ஒட்டிவிடாதீர்கள், ஒன்று போதாது. சாலையில் ஒட்டுங்கள். முனை எந்தப் பக்கம் பார்க்கிறதோ, அந்தப் பக்கமாக வேன் சுற்றும்.

சீக்கிரம். ஏழு இருபத்தொன்று.