அக்கா, விடுங்க

1

இந்தக் கதை நானாக நினைத்து எழுதுவதல்ல. என் நாத்தனார் கேட்டு எழுதுகிறேன்.

எட்டு மாதத்துக்கு முன்னால் கடலில் அவளுக்குக் காறையெலும்பு உடைந்தது. அப்போது அவளுடைய பட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றவள் நான். அன்று என்ன நடந்தது என்பதற்கு எங்கள் குடும்பத்தில் இப்போது நான்கு கதைகள் இருக்கின்றன. என் மாமியாரிடம் மட்டுமே இரண்டு. போன வாரம் நாத்தனார் வேலை செய்யும் அறைக்குப் போயிருந்தேன். பல் செட் செய்வது அவள் தொழில். மேசை முழுக்க யார் யாருடைய தாடைகளோ வெள்ளை வெளேரென்று வாய் திறந்து கிடந்தன. மெழுகில் ஒரு கடைவாய்ப்பல்லைச் செதுக்கிக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னாள்.

"அண்ணி, ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க. நீங்க எழுதுறவங்கதானே. அன்னைக்கு நடந்ததை நடந்தபடி எழுதிக் குடுங்க."

"எழுதி என்ன பண்ணப் போற?"

"படிப்பேன். படிச்சுட்டு, மறுபடி உங்ககூட தண்ணில எறங்குறதா வேணாமான்னு சொல்றேன்."

நான் இதுவரை பதினாறு கதைகள் எழுதியிருக்கிறேன். ஒன்றையும் யாரும் இப்படி ஒரு காரியத்துக்காகக் கேட்டதில்லை. பயமாக இருக்கிறது.

2

தொடக்கம் ஒன்று: "அன்று காற்று ஒரு முரட்டுக் காதலனைப் போல"

வேண்டாம். காற்று காற்றைப் போலத்தான் இருந்தது.

தொடக்கம் இரண்டு: "கடல் என்பது மனித மனத்தின்"

இதுவும் வேண்டாம். இந்த இடத்திலேயே குட்டி காகிதத்தைக் கீழே வைத்துவிடுவாள். (குட்டி என்றால் நாத்தனார்தான். நாற்பத்து மூன்று வயதாகிறது. வீட்டில் இன்னும் குட்டி.)

தொடக்கம் மூன்று: "அவள் கட்டை விரலை உயர்த்தினாள். தோழி பட்டத்தை விட்டாள்."

இது நன்றாக ஓடியது. இதிலிருந்து ஒன்றரைப் பக்கம் வந்தது. ஒன்றரைப் பக்கத்தையும் கிழித்துப் போட்டேன். ஏன் என்று பின்னால் சொல்கிறேன். அதற்கு முன் இந்த விளையாட்டு என்னவென்று உங்களுக்குத் தெரிய வேண்டும்.

3

கைட் சர்ஃபிங் என்று பெயர். தமிழில் என்ன சொல்லலாம் என்று ஒரு நாள் முழுக்க யோசித்தேன். பாடப்புத்தகங்களுக்கு மெய்ப்புத் திருத்திப் பிழைப்பவள் நான். என் வாயிலேயே நுழையாத சொற்களாகத்தான் கிடைத்தன. பட்டம் என்றே வைத்துக்கொள்வோம்.

காற்றடைத்த பெரிய பட்டம். நான்கு கயிறுகள், ஒவ்வொன்றும் இருபத்துநான்கு மீட்டர். கயிறுகளின் இந்த முனையில் ஒரு குறுக்குக் கட்டை; அதற்குப் பார் என்று பெயர். பாரை இடுப்புப் பட்டையின் கொக்கியில் மாட்டிக்கொண்டு, காலைப் பலகையில் நுழைத்து, காற்று இழுக்கிற இழுப்பில் தண்ணீர்மேல் வழுக்கிக்கொண்டு போக வேண்டும். பாரை நம் பக்கம் இழுத்தால் பட்டம் வேகம் எடுக்கும். விட்டால் தளர்ந்துவிடும். பாடம் இவ்வளவுதான். ஆனால் பயந்த மனிதர் எதையும் விடமாட்டார், இறுக்கித்தான் பிடிப்பார். இறுக்கினால் பட்டம் இன்னும் இழுக்கும், இவர் இன்னும் பயப்படுவார்.

எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது இருபத்தாறு வயதுப் பெண். அவளை நாங்கள் மாஸ்டர் என்றோம். அவள் எங்களை அக்கா என்றாள். இரண்டு பேரையும்.

"அக்கா, பாரைப் பாக்காதீங்க. பட்டத்தைப் பாருங்க."

"பார் பார்னு சொல்லிட்டு இப்ப பாக்கக் கூடாதுங்கற," என்றாள் குட்டி. முதல் நாள் பாதி வகுப்பு இந்தச் சிரிப்பிலேயே போனது.

அந்தக் கடலைச் சொல்ல வேண்டும். கரையிலிருந்து அரை கிலோமீட்டர் உள்ளே போனாலும் இடுப்பளவுதான். யாரோ குளிக்க விளாவி வைத்த மாதிரி வெதுவெதுப்பு. மதியம் இரண்டரைக்குக் காற்று வரும், ஆபீஸுக்கு வருகிற மாதிரி. முதல் வாரம் பலகை கிடையாது. பட்டம் இழுக்க, வயிறு தண்ணீரில் பட நாம் குப்புறப் போக வேண்டும். அப்படிப் போனபோது நான் வாய்விட்டுச் சிரித்தேன். சிரித்ததில் அரைக் கடலைக் குடித்திருப்பேன். ஐம்பதை நெருங்குகிற உடம்பை ஒன்று இவ்வளவு சுலபமாக எடுத்துப் போகும் என்று எனக்குத் தெரியாது. சந்தோஷமாக இருந்தது. [இந்த வரியை இன்னும் அழகாக எழுதலாம். வேண்டாம், சந்தோஷமாகத்தான் இருந்தது.]

குட்டி இரண்டாம் வாரமே பலகைமேல் எழுந்து நின்றாள். நான் ஐந்தாம் வாரம்வரை நிற்கவில்லை.*

* இந்த ஒரு வரியை எழுத இரண்டு நாள் ஆனது.

4

பட்டத்தை ஏற்ற இரண்டு பேர் வேண்டும். ஒருத்தி பாரை மாட்டிக்கொண்டு நிற்பாள். இன்னொருத்தி இருபத்துநான்கு மீட்டர் தள்ளி, பட்டத்தின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். தயார் என்றால் பார்க்காரி கட்டை விரலைத் தூக்குவாள். இவள் விடுவாள். நானும் குட்டியும் மாற்றி மாற்றி இப்படித்தான் பிடித்தோம்.

"பிடிச்சிருக்கிறவங்களுக்குக் காது வேணாம், கண்ணு போதும்," என்று மாஸ்டர் தினமும் சொல்வாள். "காத்துல யார் என்ன சொன்னாலும் வேற மாதிரிதான் கேக்கும். கட்டை விரல் மேல போனா மட்டும்தான் விடணும்."

இப்போது அந்த மூன்றாம் தொடக்கத்துக்கு வருவோம். அதில் ஒரு "தோழி" வருகிறாள். தோழி யாரும் கிடையாது, நான்தான். இரண்டாவது பொய்: கட்டை விரல். அவள் தூக்கவில்லை.

அடுத்த வரைவில் கண்ணில் வெயில் அடித்தது என்று எழுதினேன். வெயில் என் முதுகுக்குப் பின்னால் இருந்தது. நான்கு மணி வெயில் எங்கே இருக்கும் என்று குட்டிக்குத் தெரியாதா?

5

நடந்தது இது.

குட்டி பாரை மாட்டிக்கொண்டு நின்றாள். அன்று காற்று வழக்கத்தைவிட அதிகம். அவளுக்கே பயம் வந்து, பாரை மார்போடு சேர்த்து இழுத்துப் பிடித்திருந்தாள். இது தப்பு. மாஸ்டர் இருவருக்கும் நடுவில் நின்றாள். குட்டி பிடித்திருப்பதைப் பார்த்ததும் கத்தினாள்:

"அக்கா, விடுங்க. விடுங்க!"

அவள் குட்டியிடம் சொன்னாள். பாரை விடச் சொன்னாள். நான் பட்டத்தை விட்டேன்.

(ஆறாம் வகுப்பு இலக்கணத்தில் வருகிறது: "விடு" என்பது செயப்படுபொருள் குன்றா வினை. எதை என்று கேட்டால் பதில் இருக்க வேண்டும். புத்தகத்தில் குன்றாது, வாயில் குன்றிவிடும். பட்டம் விடு என்பதும் விடுதான், கையை விடு என்பதும் விடுதான். போதாததற்கு எங்கள் இருவருக்கும் ஒரே "அக்கா", ஒரே "ங்க". ஒருத்தியை வா போ என்று பேசியிருந்தால் எலும்பு தப்பித்திருக்கும். மரியாதையே வினையாகிப் போனது.)

பட்டம் எகிறியது. குட்டி தண்ணீரைவிட்டு மேலே போய், பத்து மீட்டர் தள்ளி வலத்தோள் பட விழுந்தாள். ஆழமில்லாத கடலில் மூழ்க மாட்டோம், ஆனால் தரை ரொம்பப் பக்கத்தில் இருக்கும். மாஸ்டர் ஓடிப்போய்க் கொக்கியைக் கழற்றினாள். நான் நின்ற இடத்திலேயே, கையைப் பிடித்திருந்த மாதிரியே வைத்துக்கொண்டு நின்றேன்.

மூன்று மாதம் அவள் கையால் ஒரு பல்லும் உருவாகவில்லை. சின்ன உளியைப் பிடித்தால் விரல் நடுங்கும் என்பாள். என் கணவர், அதாவது அவளுடைய அண்ணன், ஆஸ்பத்திரி நடைவழியில் என் தோளைத் தட்டி, "விடு, ஆனது ஆயிடுச்சு," என்றார். அந்த மனிதருக்கு வேறு சொல்லே கிடைக்கவில்லை.

6

இதோடு கதையை முடித்திருக்கலாம். ஒரு சொல், இரண்டு காது, ஒரு விபத்து. பத்திரிகையில் போடுவார்கள்.

ஆனால் இதில் வருகிற அண்ணியை நான் நம்பவில்லை. நல்லவளாக, பாவமாக, இலக்கணம் பேசிக்கொண்டு நிற்கிறாள். ஐந்து வாரம் பட்டம் பிடித்தவள் அவள். கண்ணு போதும் என்பதைத் தினமும் கேட்டவள். அன்று மட்டும் காதால் கேட்டு ஏன் விட்டாள்?

அன்று காலை காரில் போகும்போது குட்டி சொன்னாள்: "பிடிக்கிற வேலைக்கு உங்களை அடிச்சுக்க ஆளே இல்ல அண்ணி." விளையாட்டாகத்தான் சொன்னாள். நானும் சிரித்தேன். மதியம் பட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றபோது அது காதுக்குள்ளேயே கிடந்தது. அவள் சவாரி செய்கிறவள், நான் பிடித்துக்கொடுக்கிறவள். பட்டம் கன்றுக்குட்டி மாதிரி திமிறியது, கை கடுத்தது. அவள் நிதானமாக ஹெல்மெட் வாரைச் சரிசெய்து

இந்த வாக்கியத்தை நான்கு முறை ஆரம்பித்து நான்கு முறையும் விட்டுவிட்டேன். இப்படி எழுதுகிறேன்: எனக்கு அவள்மேல் பொறாமை. கட்டை விரல் மேலே போகவில்லை என்று கண் பார்த்தது. "விடுங்க" என்று காது கேட்டது. இரண்டில் எதை நம்புவது என்று யோசிக்க அரை நொடி இருந்தது. அந்த அரை நொடியில் காது சொன்னது எனக்கு வசதியாக இருந்தது.

அவள் விழ வேண்டும் என்று நினைத்தேனா? இல்லை என்று சத்தியம் செய்வேன். துளிகூட இல்லை என்று சத்தியம் செய்ய மாட்டேன்.

7

முடிவுகள்.

அ) குட்டி இதைப் படித்துவிட்டுக் கட்டிக்கொண்டு அழுகிறாள். பின்னால் சூரியன் மறைகிறது. (இரண்டு முறை மறைய வைத்துப் பார்த்தேன். அழுகை வரவில்லை, கொட்டாவிதான் வந்தது.)

ஆ) குட்டி இதைப் படித்துவிட்டு என்னோடு பேசுவதை நிறுத்துகிறாள். மாமியாருக்கு ஐந்தாவது கதை கிடைக்கிறது.

இ) ஆறாம் பகுதியை மட்டும் எடுத்துவிட்டு மற்றதை அனுப்புகிறேன்.

வியாழக்கிழமை சாயங்காலம்வரை இ-யில்தான் இருந்தேன். பிறகு ஆறு பகுதிகளையும் அனுப்பினேன். படித்துவிட்டாள் என்று போனில் நீல டிக் காட்டியது. பதில் இல்லை. வெள்ளிக்கிழமையும் இல்லை. சனிக்கிழமை காலை ஒரே ஒரு வரி வந்தது: "காத்து நல்லா இருக்காம். மூணு மணிக்கு வந்துடுங்க."

8

மூன்றுக்கு ஐந்து நிமிடம் முன்னாடியே போனேன். பட்டத்தில் காற்றடைத்து, கயிறு நான்கையும் சிக்கில்லாமல் நீட்டி வைத்திருந்தாள். வலத்தோள் இடத்தோளைவிடக் கொஞ்சம் இறங்கியிருப்பது சட்டைக்கு மேலேயே தெரிந்தது. மாஸ்டர் தள்ளி நின்றாள். இப்போதெல்லாம் அவள் "பாரை விடுங்க குட்டியக்கா" என்று முழு வாக்கியமாகத்தான் பேசுகிறாள்.

நான் பழக்கத்தில் பட்டத்தின் பக்கம் நடந்தேன்.

"அங்க எங்க போறீங்க?" என்றாள் குட்டி. இடுப்புப் பட்டையை எடுத்து என்னிடம் நீட்டினாள். "இன்னைக்கு நீங்க கட்டிக்குங்க. நான் பிடிக்கிறேன்."

பட்டையை வாங்கிக்கொண்டேன். கை சும்மா இருக்கவில்லை, கொக்கியைத் திறந்து திறந்து மூடியது.

"படிச்சியா?"

"படிச்சேன்."

"பிடிச்சுதா?"

"அதான் பிடிக்கிறேன்னு சொல்றேனே," என்று சொல்லிவிட்டுத் தண்ணீருக்குள் இறங்கிப் போனாள்.

சிரித்தாளா என்று தெரியவில்லை. அதற்குள் திரும்பிவிட்டாள்.

முழங்காலளவுத் தண்ணீரில் நிற்கிறேன். பாரை மாட்டியாயிற்று. நான்கு கயிறும் விறைத்திருக்கின்றன. அந்த முனையில் பட்டம் அவள் முகத்தை மறைக்கிறது. இரண்டு கைகளும் ஒரு ஜோடிக் காலும்தான் தெரிகின்றன. அவள் எல்லாவற்றையும் படித்திருக்கிறாள். இந்தப் பக்கத்தில் நிற்பது எப்படி இருக்கும் என்று எனக்கு இன்றுதான் தெரிகிறது. காற்று நன்றாக இருக்கிறது. அந்தக் கைகள் அசையாமல் காத்திருக்கின்றன.

எட்டு மாதத்துக்கு முன்னால் அவளும் இப்படித்தான் நின்றாள், ஒன்றும் தெரியாமல். நான் தெரிந்து நிற்கிறேன். திரும்பிக் கரைக்கு நடந்துவிடலாம், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.

ஒரு கை பாரில் இருக்கிறது, இழுக்காமல், சும்மா. இன்னொரு கையைக் கட்டை விரலோடு மேலே தூக்கிவிட்டேன். எழுதுவதற்கு மூன்றாவது கை கிடையாது. மிச்சத்தை அவளிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.