திரைக்குக் கீழே தெரிந்த காலணி

நாரின் என்ற ஆற்றின் கரையில் இருந்த ஊரின் நீதிமன்ற வாசலில், காவலர் தெமிர் எல்லாருடைய போன்களையும் வாங்கி மரப்பெட்டியில் போட்டுக்கொண்டிருந்தார். சட்டப் பாடத்துக்காகப் பள்ளியிலிருந்து வழக்கு பார்க்க வந்த பெகிமாய், பழைய போனைக் கொடுத்தாள். புதியது பூட்ஸுக்குள் இருந்தது.

“வேற போன் கீன் இருக்கா பாப்பா?”

“ஒண்ணே அதிகம் மாமா. எங்கப்பா என்ன குதிரைப் பண்ணையா வச்சிருக்காரு?”

உள்ளே கொலை வழக்கு. குதிரைத் திருடர்கள் ஒரு மேய்ப்பரை அடித்துக் கொன்றதைப் பார்த்த ஒரே சாட்சி, கறுப்புத் திரைக்குப் பின்னால் இருந்தாள். பெயர் சொல்லப்படவில்லை. குரலும் வெளியே வரவில்லை. அவள் கிசுகிசுத்ததை எழுத்தர்தான் உரக்கச் சொன்னார். பெகிமாய்க்குப் புல்லரித்தது. கடைசி வரிசை ஓரத்திலிருந்து பத்து விநாடி படம்பிடித்துத் தோழிகளின் குழுவில் போட்டாள்: ‘பேய் சாட்சி சொல்லுது, பாருங்கடி!’

அன்று இரவு, குழுவிலிருந்து கைமாறிப் போன அதே படம் தெரியாத எண்ணிலிருந்து அவளுக்கே திரும்பி வந்தது. திரையின் கீழ்விளிம்பு மட்டும் பெரிதாக்கப்பட்டிருந்தது. இரண்டு ஆட்டுரோமக் காலணிகள். அவற்றின் மேல் உள்நோக்கிச் சுருண்ட சிவப்புக் கொம்புக் கோலம். கூடவே ஒரு வரி: ‘இது யார் வீட்டுக் கைவேலை?’

பெகிமாய்க்கு அந்தக் கோலம் தெரியும். அந்த ஊரில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கோலம். தாய் மகளுக்குக் கொடுப்பது. உள்நோக்கிச் சுருளும் கொம்பு ஒரே வீட்டுக்குத்தான் சொந்தம். பக்கத்து வீட்டு சைக்கால் அக்காவுக்கு.

ஜன்னல் வழியே பார்த்தாள். அக்கா வீட்டு வாசலில் விளக்கில்லாமல் ஒரு வெள்ளைக் கார் உறுமிக்கொண்டு நின்றது. சற்று நேரத்தில் மெல்ல நகர்ந்து போனது.

ஓடினாள். பனியில் யாரோ வாசற்படிவரை வந்து திரும்பிய தடம். படியில் அக்காவின் ஆட்டுரோமக் காலணிகளில் ஒன்றுதான் கிடந்தது; மற்றதைக் காணோம்.

“அக்கா, பெகிமாய். கதவத் தொறக்காதீங்க, கேளுங்க...” அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டினாள்.

உள்ளேயிருந்து கிசுகிசுப்பு மட்டும் வந்தது. “அடிப்பாவி... பெத்த தாய்கிட்டகூட நான் சொல்லலையேடி.”

சைக்கால் தெமிருக்குப் போன் செய்தாள். அரை மணியில் ஜீப் வந்தது. தூங்கும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அவள் வெறுங்காலோடு வெளியே வந்தாள். பெகிமாய் சட்டென்று தன் பூட்ஸைக் கழற்றி அவள் முன்னால் வைத்தாள். சைக்கால் அதை மாட்டிக்கொண்டு ஜீப்பில் ஏறினாள்.

தெமிர் கையை நீட்டினார். “இப்பவாவது குடு.”

புதிய போனைக் கொடுத்தாள். அவர் உள்ளங்கையிலேயே அது அதிர்ந்தது: ‘வீடு தெரிஞ்சிருச்சு. ரொம்ப நன்றி தங்கச்சி.’

பெகிமாய் பனியில் வெறுங்காலோடு நின்றபடி சொன்னாள்: “கோர்ட்டு கௌரவத்துக்காகத்தான் படம் எடுக்கக்கூடாதுங்கிறாங்கன்னு நெனச்சேன் மாமா. அது ஒரு உசிருக்குப் போட்ட பூட்டு. வெளியில நின்னவனுக்கு நானே தொறந்து விட்டுட்டேன்.”