பார்வைக் கொக்கு

பால் வழிகிறது, ஒடிந்த கொம்பிலிருந்து என் மணிக்கட்டுக்கு, மணிக்கட்டிலிருந்து முழங்கைக்கு, வெள்ளைவெளேரென்று, நான் அதைப் பார்க்காமல் ஓங்குகிறேன், ஓங்கி அடிக்கிறேன், சேற்றில் மல்லாந்து கிடக்கிற நாடிமுத்து முகத்துக்குக் குறுக்கே கைகளை வைக்கிறான், நெஞ்சில் காலை ஊன்றி அந்தக் கைகளை விலக்கிவிட்டு அடிக்கிறேன், உதடு கிழிந்து பல் தெரிகிறது, அவன் என் தங்கை தமயந்தியின் புருஷன், கல்யாணத்தன்று அவன் விரலில் மச்சான் மோதிரம் போட்டதும் இதே கைதான், கண்ணு எரியுது மச்சான், விட்டுருங்க மச்சான் என்று அவன் அலறுவது கேட்கிறது, கேட்ட பிறகும் அடித்தேன், இரண்டா மூன்றா, நினைக்கும்போதெல்லாம் எண்ணிக்கை மாறுகிறது, ஒரு தடவைகூடக் குறைந்ததில்லை.

அலையாத்திக் காட்டுக்குள் மரப்பாதை போட்டு ஏழு வருஷமாகிறது, அன்றிலிருந்து அதில் ஆட்களை அழைத்துப் போவதுதான் என் வேலை, பாதி வழியில் ஒரு மரத்தடியில் நிறுத்திச் சொல்வேன், இது தில்லை, பழுத்த இலை சிவப்பாக இருக்கும், இதன் பால் கண்ணில் பட்டால் பார்வையே போய்விடும், யாரும் தொடாதீர்கள், தினமும் நாலு தடவை சொல்கிறேன், தூக்கத்தில்கூடச் சொல்வதாக வீட்டில் கேலி செய்வார்கள், அன்று காலை வந்த கூட்டத்தைப் படகுத்துறையில் விட்டுவிட்டுத் தனியாகத் திரும்புகிறேன், பாதையை விட்டுத் தள்ளிச் சேற்றுத் திட்டில் ஒரு கொக்கு நிற்கிறது, நான் இறங்கிப் போன பிறகும் பறக்கவில்லை, காலில் கயிறு கட்டியிருக்கிறது, கையில் எடுத்துப் பார்க்கிறேன், இரண்டு கண்களிலும் மேல் இமையையும் கீழ் இமையையும் சேர்த்து நூலால் தைத்திருக்கிறது.

இப்படிக் கண்ணைத் தைத்து நிறுத்தும் கொக்குக்கு எங்கள் பக்கத்து வலைக்காரர்கள் வைத்திருக்கிற பெயர் பார்வை, எந்தப் பாவி வைத்த பெயரோ, பார்வை அசையாமல் நிற்பதைப் பார்த்து மற்ற கொக்குகள் பயமில்லாமல் வந்து இறங்கும், இறங்கியதும் வலை விழும், அன்றும் விழுந்திருந்தது, முப்பது நாற்பது கொக்குகள், எல்லாவற்றுக்கும் இறக்கை எலும்பை ஒடித்து முதுகில் முறுக்கிவிட்டிருந்தது, உயிரோடு கிடந்து வாயைத் திறந்து திறந்து மூடின, புதருக்குப் பின்னாலிருந்து எழுந்து வருகிறவன் நாடிமுத்து, நீயா தச்ச என்று கேட்கிறேன், நான் எங்க மச்சான், எனக்குக் கை ஆடும், ஒங்க தங்கச்சிதான் தச்சுக் குடுத்தா, மாட்டேன் மாட்டேன்னு அழுதா, நாலு சாத்துச் சாத்துனேன், அப்பறம் ஒழுங்கா தச்சா என்கிறான், என்னைப் பார்த்துச் சிரிக்கவும் செய்கிறான், எனக்குக் கோபம் எப்போதும் மூக்கு நுனியில்தான் இருக்கும், அன்று அது தலைக்கு ஏறியது.

பிறகு நடந்ததை நான் வீட்டு ஆட்களிடம் சொல்லியிருக்கிறேன், ஆத்திரத்தில் கைக்கு எட்டியதை ஒடித்தேன், மரம் எதுவென்று பார்க்கவில்லை என்று, என் மனைவியிடம் சொன்னேன், சாமி படத்தின் முன்னால் நின்றும் சொன்னேன், உப்புத் தண்ணீரை அள்ளி அவன் கண்ணைக் கழுவியதும், அது இன்னும் எரிய அவன் என் காலைக் கடித்ததும், தோளில் போட்டுக்கொண்டு மரப்பாதையில் ஓடியதும் உண்மைதான், ஆனால் கனவில் அந்தப் பாதை முடிவதேயில்லை, தோளில் கிடப்பது நாடிமுத்து இல்லை, கொக்கு, நூலைப் பிரிக்கிறேன், இமைக்கு அடியில் என் தங்கையின் கண், ஏண்ணே என்று கேட்கிறது.

ஆஸ்பத்திரியில் நாடிமுத்து என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை, வழுக்கி விழுந்தேன், கொம்பு ஒடிஞ்சு பால் தெறிச்சிருச்சு என்றான், இரண்டு கண்ணும் போய்விட்டது, வெளிச்சம்கூடத் தெரியாது என்று டாக்டர் சொன்னார், அதற்குப் பிறகு அவன் வலையைத் தொடவில்லை, தமயந்தியை அடிக்கவுமில்லை, அவள் கையைப் பிடித்துக்கொண்டுதான் வாசலுக்கே வருகிறான், நேற்று நான் போனபோது அவள் தட்டில் சோற்றைப் பிசைந்து அவன் கையில் எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறாள், என்னிடம் பேசி எட்டு மாதமாகிறது, நேற்றும் நிமிர்ந்து பார்க்கவில்லை, இவ ஒங்கள வேணுமின்னே செஞ்சவருங்குறா மச்சான் என்கிறான் நாடிமுத்து, மச்சான் அப்புடிப்பட்ட ஆளு இல்லடி, கோவத்துல கையில கெடச்சத ஒடிச்சாருன்னு நானும் தலையால அடிச்சுக்கிறேன், கேக்க மாட்டேங்குறா, நீங்களே ஒரு வார்த்தை சொல்லுங்க.

தமயந்தி பிசைவதை நிறுத்துகிறாள், நான் மறுபடி சேற்றில் நிற்கிறேன், கையில் இன்னும் கொம்பு இல்லை, பால் இல்லை, முழங்கை உரசுகிற தூரத்தில் அலையாத்தி நிற்கிறது, பக்கத்திலேயே கண்டல் நிற்கிறது, இரண்டும் பால் வடியாத மரங்கள், இரண்டிலும் அடிக்கத் தோதான கொம்புகள் இருக்கின்றன, என் கண் அவற்றைத் தாண்டிச் சிவப்பு இலையைத் தேடிப் போகிறது. பக்கத்துல அலையாத்தி இருந்துச்சு மாப்ள, அத விட்டுட்டு நாலு எட்டு நடந்து போயித்தான் தில்லைய ஒடிச்சேன் என்றேன். நாடிமுத்து மெல்ல முகத்தை என் பக்கம் திருப்பினான், சரியாக என் பக்கம் இல்லை, கொஞ்சம் தள்ளி.