மைனஸ் நாற்பது மில்லி

மேனேஜர் என்பது நாயின் பெயர். குட்டியாக வந்தபோது வேறு ஏதோ பெயர் வைத்திருந்தார்கள். ஒன்பதாவது வயதில் அதற்கு வயிறு முன்னால் தள்ளி, முதுகில் முடி கொட்டிப் போயிற்று. மூச்சிரைக்க அறை அறையாகப் போய் எல்லாரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு வர ஆரம்பித்ததும், வீட்டுக்காரர் தன்னுடைய பழைய மேலதிகாரியை நினைத்துக்கொண்டு அந்தப் பெயரைச் சூட்டினார். பெயரோடு மரியாதையும் ஒட்டிக்கொண்டது. "மேனேஜர் கால்மிதியில மூத்திரம் போயிட்டார்" என்றுதான் அந்த வீட்டில் சொல்வார்கள்.

மேனேஜர் குடித்த தண்ணீருக்கு வீட்டுக்குள் ஒரு கிணறே வெட்டியிருக்கலாம். பாத்திரத்தைக் காலி செய்துவிட்டு, அதை மூக்கால் தள்ளிக்கொண்டே சமையலறை வாசலுக்கு வந்து நிற்பார். சாப்பாட்டிலும் குறை வைக்கவில்லை. ஒருநாள் அரைக்கட்டி சோப்பைத் தின்றுவிட்டு மாலைவரை மணக்க மணக்க ஏப்பம் விட்டுக்கொண்டிருந்தார்.

நாய்களைப் பார்க்கும் டாக்டரம்மா இளவயதுக்காரர்; விஷயத்தை உடைத்துச் சொல்கிறவர். "இதுக்குக் குஷிங் நோய்னு பேர். உள்ள ஒரு சுரப்பி ஓவர்டைம் பார்க்குது. இந்த மாத்திரை அதைக் கொஞ்சம் உட்கார வைக்கும். ரொம்ப உட்கார வச்சுட்டா அதுவும் ஆபத்து. அதனால அளவுதான் முக்கியம்."

அளவு முதலில் தப்பிப் போயிற்று. மாத்திரை ஆரம்பித்த மூன்றாவது வாரம், பட்டப்பகலில், மேனேஜர் தட்டுக்குப் பக்கத்திலேயே கால் மடங்கிச் சரிந்தார். வாந்தி வேறு. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் கண்ணை மட்டும் உருட்டினார். இரண்டு நாள் நரம்பில் மருந்து ஏற்றித்தான் எழுப்பினார்கள். பிறகு பத்து நாள் மாத்திரையே இல்லை. அதன்பின் பழையதில் பாதி அளவு. மேனேஜர் பிழைத்தார். பழையபடி தண்ணீரையும் குடித்தார்.

"பாதி போதலன்னு தோணுது," என்றார் டாக்டரம்மா. "பத்து நாள், ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிக்குதுன்னு அளந்து எழுதிட்டு வாங்க. பதினோராம் நாள் ரத்தம் எடுத்துப் பார்ப்போம். தண்ணி குறையலன்னா டோஸை ஏத்தணும்."

ஏத்தணும் என்ற சொல்லைக் கேட்டதும் வீட்டுக்காரி குனிந்து மேனேஜரின் கால்களைத் தடவிப் பார்த்தாள். பக்கத்தில் வீட்டுக்காரர் முகம் மலர்ந்து உட்கார்ந்திருந்தார். அவருக்கு அளந்து எழுதணும் என்பது மட்டும்தான் காதில் விழுந்திருந்தது.

அதற்குக் காரணம் இருந்தது. அவர் முப்பத்திரண்டு வருஷம் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் படித்தவர். தெருவில் இன்றைக்கும் மீட்டர்காரர் என்றால்தான் தெரியும். ஒரு தடவைகூடத் தப்பாகப் படித்ததில்லை என்பது அவர் பெருமை. ஓய்வு பெற்ற பிறகு படிக்க எதுவும் இல்லாமல் பால் பாக்கெட்டில் தேதி, தீப்பெட்டியில் எண்ணிக்கை என்று அல்லாடிக்கொண்டிருந்தார். இப்போது மறுபடியும் ஒரு மீட்டர் கிடைத்துவிட்டது. அதற்கு வாலும் இருந்தது.

காலை ஆறு மணிக்கு, கோடு போட்ட பிளாஸ்டிக் குவளையால் இரண்டாயிரத்து ஐநூறு மில்லி அளந்து அகலமான அலுமினியப் பாத்திரத்தில் ஊற்றுவார். மறுநாள் ஆறு மணிக்கு மிச்சத்தை அதே குவளையால் அளப்பார். ஒற்றைக் கண்ணை மூடி, கோட்டுக்கு நேராகக் குனிந்து, உதடு அசையப் படித்து, நோட்டில் எழுதிக் கையெழுத்தும் போடுவார். அந்த நோட்டு இன்னும் இருக்கிறது. வெகுநாள் கழித்து எழுதிய கடைசிப் பதினோரு பக்கங்கள் மட்டும் வீட்டுக்காரியின் கையெழுத்து.

முதல் நாள் ஆயிரத்துத் தொள்ளாயிரம். இரண்டாம் நாள் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபது.

"ஏறுது," என்றார்.

"ஏறினா?"

"டோஸும் ஏறும். நாம செய்யறதுக்கு என்ன இருக்கு?"

அவளுக்குச் செய்ய இருந்தது. மூன்றாம் நாள் மத்தியானம் அவர் கண்ணயர்ந்தபோது, அடுப்படிக் குடத்திலிருந்து ஒரு டம்ளர் தண்ணீரைக் காதும் காதும் வைத்தாற்போல் மேனேஜரின் பாத்திரத்தில் ஊற்றினாள். இருநூறு மில்லி. மேனேஜர் எழுந்து உட்கார்ந்து பார்த்தார்.

"நீ ஒண்ணும் பார்க்கல," என்று அவரிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

மறுநாள் காலை வீட்டுக்காரர் குவளையோடு ஓடிவந்தார். "இறங்குதுடி. ஆயிரத்தி எழுநூறு."

"அப்படியா," என்றாள். முப்பது வருஷம் தொலைபேசி நிலையத்தில் உட்கார்ந்து, கத்துகிறவனுக்கும் அழுகிறவனுக்கும் லைன் பிஸியாக இருக்கிறது என்று ஒரே குரலில் சொன்னவள். அந்தக் குரல் இப்போதும் கைகொடுத்தது.

ஆனால் அவருடைய சந்தோஷத்தை அவள் கணக்கில் எடுக்கவில்லை. மனிதர் தலைகால் புரியாமல் குதித்தார். பக்கத்து வீட்டுத் தையல்காரம்மாவைக் கூப்பிட்டு நோட்டைக் காட்டினார். அடுத்த நாள் எண் இறங்காவிட்டால் அந்த முகம் வாடிவிடுமே என்று அவள் ஒன்றரை டம்ளர் ஊற்றினாள். அதற்கடுத்த நாள் இரண்டரை. பிறகு மூன்றரை. பிறகு நாலே முக்கால். நாய்க்காக ஆரம்பித்தது, பாதியில் மனுஷனுக்காகவும் ஆகிப்போனது. ஏழாம் நாள் கணக்கு தொள்ளாயிரத்து ஐம்பதைத் தொட்டபோது, குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சின்ன வயசில் பரீட்சையில் ஒரே ஒரு தடவை பார்த்து எழுதியபோது வந்த அதே சிரிப்பு.

தையல்காரம்மாதான் கொஞ்சம் இடித்தாள். "ஏங்க்கா, தண்ணி குறையுதுன்னு அண்ணன் சொல்றாரு. நீங்க தினமும் கால்மிதி நாலு துவைச்சுப் போடுறீங்க. வர்றது கம்மி, போறது ஜாஸ்தின்னா நடுவுல என்ன, ஊத்தா இருக்கு?"

"பழைய இருப்பு," என்றாள் இவள்.

எட்டாம் நாள் குளியலறைக் கதவு திறந்து கிடந்தது. மேனேஜர் உள்ளே போய் நிறைந்திருந்த வாளியில் தலையை விட்டு, சாவகாசமாக ஒரு லிட்டருக்கு மேல் குடித்துவிட்டு வந்தார். யாரும் பார்க்கவில்லை. வீட்டுக்காரி தன் தங்கையோடு போனில் பேசிக்கொண்டே, பழக்கத்தில், நாலே முக்கால் டம்ளரை ஊற்றிவிட்டாள்.

ஒன்பதாம் நாள் காலை வீட்டுக்காரர் அளந்தார். நிமிர்ந்தார். திருப்பி ஊற்றி அளந்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மூன்றாம் முறையும் அளந்தார். இரண்டாயிரத்து ஐநூற்று நாற்பது.

"நான் நேத்து எவ்வளவு ஊத்தினேன்?"

"எப்பவும் ஊத்துறதுதான்."

"அப்போ மேனேஜர் குடிக்கல. நாற்பது மில்லி குடுத்திருக்கார்."

அவளுக்குச் சிரிப்பு தொண்டைவரை வந்தது. அவர் சிரித்திருந்தால் அவளும் சிரித்து, குட்டு அங்கேயே உடைந்திருக்கும். அவர் சிரிக்கவில்லை. நோட்டில் மைனஸ் நாற்பது என்று எழுதினார். கையெழுத்துப் போடாமல் மூடினார். பிறகு ஜன்னல் பக்கம் போய் நின்று, எதிர்வீட்டுக் கதவு எண்ணை ஒரு கண்ணால் படித்தார். மறு கண்ணால் படித்தார். திரும்பி வந்து மாத்திரை டப்பாவை அவள் கையில் வைத்தார்.

"இனிமே நீயே குடு."

"ஏங்க?"

"தண்ணிய ஊத்தினதே எனக்கு ஒழுங்கா ஞாபகம் இல்ல. குடுத்ததை மறந்துட்டு ரெண்டாவது தடவையும் குடுத்துட்டேன்னா? வயசாயிடுச்சும்மா. ஒத்துக்க வேண்டியதுதான்."

அன்றைக்கே உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் டோஸ் ஏறும். மேனேஜர் தட்டுக்குப் பக்கத்தில் சரிந்து கிடந்தது கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. அன்றும் மறுநாளும் அவள் பாத்திரத்தில் ஆறாறு டம்ளர் ஊற்றியதுதான் மிச்சம். அவரும் அளந்தார், எழுநூறு எழுநூறு என்று எழுதினார். ஆனால் யாருக்கும் காட்டவில்லை. பால் பாக்கெட் தேதியைக்கூடப் படிக்கவில்லை.

பதினோராம் நாள் ஏழு மணிக்குச் சாப்பாட்டோடு மாத்திரை கொடுத்து, நாலு மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பதற்காக மேனேஜரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். டாக்டரம்மா நோட்டைப் புரட்டினார்.

"பரவாயில்லையே சார், நல்லா இறங்கியிருக்கு. ஆயிரத்தித் தொள்ளாயிரம் எங்க, எழுநூறு எங்க. இப்படின்னா இந்த டோஸே போதும். ரெண்டு தடவை ஊசி குத்தி ரத்தம் எடுத்து எதுக்கு வாயில்லா ஜீவனைப் படுத்தணும்? ஒரு மாசம் கழிச்சு எடுத்துக்கலாம்."

வீட்டுக்காரி பத்து நாளாக எதைக் கேட்க ஏங்கினாளோ, அது அட்சரம் பிசகாமல் வந்து விழுந்தது.

"வேண்டாம் டாக்டர்," என்றார் வீட்டுக்காரர். "அந்த நோட்டை நம்பாதீங்க. எட்டாம் நாள் கணக்கைப் பாருங்க."

டாக்டரம்மா பார்த்தார். "மைனஸ் நாற்பதா?"

"நாய் மேல தப்பில்ல. அளந்தவன் மேல. கண்ணோ, மண்டையோ, எங்கேயோ கோளாறு. நீங்க ரத்தத்தையே எடுத்துடுங்க." சொல்லிவிட்டு, தரையில் படுத்திருந்த மேனேஜரின் காதைத் தடவிக்கொண்டிருந்தார்.

"நான்தான் ஊத்தினேன்," என்றாள் அவள்.

இருவரும் திரும்பினார்கள்.

"என்னத்தை?"

"தண்ணியை. மூணாம் நாள்லேர்ந்து. நீங்க தூங்குறப்ப. முதல்ல ஒரு டம்ளர், அப்புறம் ரெண்டரை, அப்புறம் நாலே முக்கால், கடைசியில ஆறு. அன்னைக்கு மேனேஜர் பாத்ரூம் வாளியில குடிச்சது, அப்புறம் வாளி குறைஞ்சு கிடந்ததைப் பார்த்துத்தான் தெரிஞ்சது. அப்பவே தெரிஞ்சிருந்தா குறைச்சு ஊத்தியிருப்பேன்."

தொலைபேசி நிலையக் குரலில்தான் ஆரம்பித்தாள். கடைசி வார்த்தையில் குரல் உடைந்தது. டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். வீட்டுக்காரர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்போ பாத்திரத்துல ரெண்டாயிரத்து ஐநூத்தி நாற்பது இருந்தது நிஜமா?"

"நிஜம்."

"நான் படிச்சது சரி?"

"ஒரு சொட்டு தப்பில்ல."

அவர் திட்டப்போகிறார் என்று அவள் புடவைத் தலைப்பை இறுக்கிப் பிடித்தாள். அவர் தோள் குலுங்கியது. முதலில் சத்தமே வரவில்லை. வந்தபோது மேஜைமேல் இருந்த தராசு ஆடியது. கண்ணில் தண்ணீர் வழியச் சிரித்தார்.

"கேட்டீங்களா டாக்டர், ரீடிங் சரியாம். முப்பத்திரண்டு வருஷம் ஊர்ல மீட்டரைத் திருப்பினவங்களை எல்லாம் கையும் களவுமாப் பிடிச்சேன். என் வீட்டுக்குள்ளயே ஒருத்தி திருப்பியிருக்கா. அதுவும் எப்படி, பின்னாடி ஓடுற அளவுக்கு." கதவைத் திறந்து, வெளியே கிளிக்கூண்டோடு காத்திருந்த ஓர் அம்மாளிடமும் சொன்னார்: "என் கண்ணு நல்லாத்தான் இருக்கு." அந்த அம்மாள் எதற்கும் இருக்கட்டும் என்று கூண்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

டாக்டரம்மா மட்டும் சிரிப்பை அடக்கிக்கொண்டு வீட்டுக்காரியிடம் குனிந்தார். "நீங்க ஏன்மா இப்படிச் செஞ்சீங்க?"

"சரிஞ்சு விழுந்த அன்னைக்கு மேனேஜர் தலையையே தூக்கல."

"அன்னைக்கு அளவு கூடிப்போச்சு. அது நான் போட்ட அளவு, நீங்க பண்ணின தப்பில்ல. ஆனா குறைச்சலா விட்டாலும் உள்ளுக்குள்ள அரிச்சுக்கிட்டே இருக்கும். நீங்க நிஜ நம்பரைச் சொன்னாத்தான் நான் சரியா அளவு போட முடியும்."

ரத்தம் எடுத்தார்கள். ஓர் ஊசி போட்டு, ஒரு மணி நேரம் கழித்து மறுபடியும் எடுத்தார்கள். முடிவு வந்தபோது நிஜ நம்பரும் ரத்தமும் ஒன்றையே சொல்லின. டோஸ் ஏறியது, ஒரு சின்னப் படி. டாக்டரம்மா ஒரு சட்டமும் போட்டார்: முதலில் சாப்பாடு, சாப்பிட்டு முடித்ததைப் பார்த்த பிறகுதான் மாத்திரை. வாந்தி, தள்ளாட்டம், தட்டில் மிச்சம், எது வந்தாலும் மாத்திரையை நிறுத்திவிட்டுப் போன் செய்ய வேண்டும்.

அன்றிலிருந்து மாத்திரை அவள் கையில், அளவு அவர் கையில். அவள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு மேனேஜர் காலை எப்படி வைக்கிறார் என்று பார்த்தாள். தண்ணீர், யாரும் ஊற்றாமலே, ஆயிரத்து அறுநூறுக்கு வந்தது. பிறகு ஆயிரத்து முந்நூறு.

புது அளவு ஆரம்பித்த ஒன்பதாம் நாள் காலை மேனேஜர் சாப்பிட்டுவிட்டுத் தட்டைவிட்டு நகர்ந்தார். தட்டில் ஒரு வாய் இருந்தது.

சோப்பையே விட்டுவைக்காதவர். இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து அந்த ஒரு வாயைப் பார்த்தார்கள். அவள் உள்ளங்கையில் மாத்திரை வேர்த்தது.

"குடுக்காதே," என்றார் அவர்.

"குடுக்கல. போனைப் போடுங்க."

டாக்டரம்மா எடுத்தார். "எவ்வளவு மிச்சம்?"

"பதினெட்டு கிராம்," என்றார் வீட்டுக்காரர். எப்போது எடை போட்டார் என்று அவளுக்குத் தெரியவில்லை.

"வாந்தி?"

"இல்ல."

"நிக்கும்போது கால் தள்ளாடுதா? இப்ப என்ன பண்ணுது?"

வாசல் பக்கமிருந்து தையல்காரம்மாவின் குரல் வந்தது. "அக்கா, உங்க மேனேஜர் என் அளவுநாடாவைக் கவ்விட்டு ஓடுறாரு. பிடிக்க முடியல, யாராவது வாங்களேன்."

வீட்டுக்காரி போனை வாங்கினாள். "ஓடுறார் டாக்டர். ஆறு மாசமா அவர் நடந்துதான் பார்த்திருக்கோம்."

எதிர்முனையில் சிரிப்புக் கேட்டது. "அப்போ அது கோளாறு இல்லம்மா. வயிறு நிறைஞ்சா நாய் நிறுத்திக்கும், நீங்க அதைப் பார்த்து ரொம்ப நாளாச்சு. மாத்திரையைக் குடுங்க. சாயங்காலம் வரைக்கும் ஒரு கண் வச்சுக்கிட்டு, எதுவானாலும் கூப்பிடுங்க."

அவள் மாத்திரையை அவர் பக்கம் நீட்டினாள். "நீங்க குடுக்குறீங்களா?"

"நீயே குடு. நான் எழுதுறேன்."

மேனேஜர் வாயில் நாடாவோடு உள்ளே வந்து, அதை விட மனமில்லாமல் நின்றார். அவள் அவருடைய தாடையைப் பிரித்து, நாடாவை உருவிக் கீழே போட்டு, மாத்திரையை நாக்கின் அடிவரை தள்ளி, வாயை மூடித் தொண்டையைத் தடவினாள். விழுங்கினார். மூக்கை ஒரு தடவை நக்கினார். தட்டிலிருந்த மிச்சத்தைத் திரும்பிப் பார்த்தார். வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டு மறுபடியும் நாடாவைக் கவ்விக்கொண்டு வாசலுக்கு ஓடினார்.

"மணி ஏழு இருபத்தேழு," என்றாள் அவள். "மிச்சம் ஒரு வாய்னு எழுதுங்க."

"பதினெட்டு கிராம்," என்று திருத்தி, அவர் எழுதினார்.