கிளிப்பச்சை வண்டி

“மச்சான், கொஞ்சம் சாச்சுப் பிடிங்க. கால் நிலையில மாட்டுது” என்றார் மைத்துனர்.

சாப்பாட்டு மேஜையைக் கூடத்திலிருந்து வெளியே எடுத்துக்கொண்டிருந்தார்கள். பத்தரைக்கு ஆஸ்பத்திரியிலிருந்து மகளைக் கொண்டுவந்துவிடுவார்கள். அதற்குள் கூடத்தில் இடம் செய்தாக வேண்டும். பதினாறு வருடங்களுக்கு முன் இதே மேஜையை உள்ளே கொண்டுவந்தபோதும் இந்தக் கால்தான் மாட்டியது. அன்றைக்கு ஆறு வயதுப் பெண் வாசலில் நின்றுகொண்டு, “ரிவர்ஸ் எடு, ரிவர்ஸ் எடு! அப்படியே லெஃப்ட்ல ஒடி!” என்று கத்தி வழிகாட்டினாள். பேச்சு வருவதற்கு முன்பே வாயால் ஹாரன் அடித்தவள். அதனால் வீட்டில் அவளுக்குப் பீப்பீ என்று பெயர் நின்றுவிட்டது.

அப்பா ஓரடி பின்னால் எடுத்து, இடது பக்கம் ஒடித்தார். மேஜை வெளியே வந்துவிட்டது.

வாசல் வெளிச்சத்தில், மேஜைக் கண்ணாடிக்கு அடியில் இருந்த காகிதத் துண்டுகள் பளிச்சென்று தெரிந்தன. பழைய கார் விளம்பரங்கள். இரண்டு வருடமாக அவள் வெட்டிச் சேர்த்தவை. ஒவ்வொன்றின் மேலும் சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி, பக்கத்தில் காரணம். ‘அடியில் துரு.’ ‘நாலு கை மாறியது.’ ‘புகை.’ ‘ஓனர் ரொம்ப நல்லவர் மாதிரி பேசுகிறார்.’ நடுவில் ஒன்று, கிளிப்பச்சை நிறத்தில் மூன்று கதவு வைத்த சின்ன வண்டி. அதன் பக்கத்தில் ‘சூடு’ என்று மட்டும் எழுதியிருந்தாள். பெருக்கல் குறி போடவில்லை.

அவர் அதன்மேல் ஒரு பழைய செய்தித்தாளை விரித்தார்.

“வர்றவங்க டம்ளர் வைப்பாங்க” என்றார், யாரும் கேட்காமலே.

தெருவில் அவருக்குப் பெயர் சர்வேயர். நிலம் அளக்கிறவர் இல்லை. இன்சூரன்ஸ் கம்பெனிக்காக அடிபட்ட வண்டிகளைப் பார்த்து, படம் எடுத்து, என்ன தேறும் என்று எழுதிக் கொடுக்கிறவர். இருபத்தேழு வருட வேலை. ஸ்டியரிங் எந்தப் பக்கம் வளைந்திருந்தால் ஓட்டியவருக்கு எந்த எலும்பு போயிருக்கும் என்று அவருக்குத் தெரியும். சீட்டுக்கு அடியில் கிடக்கும் ஒற்றைச் செருப்பை வைத்தே வயதைச் சொல்லிவிடுவார். வீட்டில் இதையெல்லாம் வாயே திறக்க மாட்டார். சொல்லாமல் விட்டதெல்லாம் சேர்ந்து ஒரே பயமாகி மகள் மேல் போய் உட்கார்ந்துகொண்டது.

“அப்பா பாத்த வண்டியெல்லாம் பொணம்மா. ஓடுற வண்டிய அவர் பாத்ததே இல்ல” என்பாள் பீப்பீ.

“அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்” என்பாள் அவள் அம்மா.

பல் செட் செய்யும் லேபில் பீப்பீக்கு வேலை. வாரம் முழுக்க ஊரார் பல்லை மெழுகில் செதுக்குவாள், சம்பளத்தில் பாதியை எடுத்து வைப்பாள், ஞாயிற்றுக்கிழமையானால் அப்பாவை இழுத்துக்கொண்டு வண்டி பார்க்கக் கிளம்பிவிடுவாள். புதுசு வேண்டாம், பெரிசும் வேண்டாம். எடை குறைவாக இருக்க வேண்டும், கையால் கியர் போட வேண்டும், எது உடைந்தாலும் மூலைக் கடையில் மாற்றுச் சாமான் கிடைக்க வேண்டும். “மத்த வண்டியெல்லாம் நம்மள ஏத்திட்டுப் போகும்பா. இந்த மாதிரி சின்ன வண்டிதான் நம்மளக் கூட்டிட்டுப் போகும்” என்று கண்கள் விரியச் சொல்வாள். கியர் கம்பியின் தலையில் மாட்டும் மரக் குமிழ் ஒன்றை முன்கூட்டியே வாங்கி, எந்நேரமும் உள்ளங்கையில் உருட்டிக்கொண்டிருப்பாள். எருமை வாங்கும் முன்னே நெய் விலை பேசுகிறாள் என்று அம்மா சிரிப்பாள்.

அவள் வைத்திருந்த சட்டம் ஒன்று உண்டு. வண்டி இருக்கும் இடத்துக்குப் போனதும் முதலில் பானெட்டில் கை வைக்க வேண்டும். பழைய இன்ஜினின் குறையெல்லாம், ஆறிக் கிடக்கும்போது முதல் தடவை ஸ்டார்ட் செய்தால்தான் வெளியே வரும். வாங்க வருகிறவர்களுக்கு முன்னாலேயே ஓட்டிச் சூடேற்றி வைத்திருந்தால் ஓனர் எதையோ மறைக்கிறார் என்று அர்த்தம். “சூடா இருந்தா பேச்சே இல்ல, திரும்பிடணும்.” கை வைக்கும் வேலையை அவள் அப்பாவுக்குத்தான் கொடுத்திருந்தாள். ஓனரை அவள் பேச்சில் பிடித்து வைத்திருப்பாள். அவர் சும்மா சாய்கிறவர்போல் கையை வைத்துப் பார்த்துவிட்டு வந்து சொல்வார். பத்து வண்டிக்கு உண்மையைத்தான் சொன்னார். பத்திலும் ஏதோ ஒரு குறை தானாகவே அமைந்து அவரைக் காப்பாற்றியது.

பதினொன்றாவதாகப் பார்த்த கிளிப்பச்சை வண்டியில் ஒரு குறையும் இல்லை. ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர் ஒருவருடையது. ஒரே கை. சர்வீஸ் செய்த தேதிகளை நோட்டில் கட்டம் போட்டு எழுதி வைத்திருந்தார். இந்த நிறத்தை யாரும் வாங்கவில்லை என்று கடைக்காரன் விலையைக் குறைத்தானாம், அதனால் வாங்கினாராம். பீப்பீ அந்த வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தாள். மகளின் அப்படி ஒரு முகத்தை அவர் அதற்கு முன் பார்த்ததே இல்லை. அவர் பானெட்டில் கை வைத்தார். சில்லென்று இருந்தது. முந்தின நாள்தான் அவர் ஒரு சின்ன வண்டியைப் படம் எடுத்திருந்தார். அதில் ஒற்றைச் செருப்பு கிடந்தது.

“சூடா இருக்கு” என்றார்.

பீப்பீ அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“சரிப்பா.”

டீச்சரிடம் யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு, பஸ்ஸில் வழி முழுக்க ஜன்னலைப் பார்த்தபடியே வந்தாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த மனுஷன் அன்றைக்கு வீட்டுக்கு வந்து இரண்டாம் தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். எட்டு மாதம் ஆகிறது. அந்தச் சாப்பாட்டை நினைத்தால்தான் இப்போது அவருக்குத் தாங்க முடியவில்லை.

மேஜையை மரத்தடியில் போட்டுவிட்டுத் திரும்பும்போது, ஆஸ்பத்திரியில் கொடுத்த பைக்குள் பீப்பீயின் போன் அடித்தது. மைத்துனர் எடுத்துப் பார்த்தார்.

“‘கிளிப்பச்சை’ன்னு வருது. யாரு மச்சான்?”

“எடுக்காதீங்க.”

அதற்குள் மைத்துனர் காதில் வைத்துவிட்டார். “அவங்க மாமா பேசறேங்க… இன்னைக்கு விடியக்காலைலங்க… ஆமாங்க, காய்ச்சல்தான். ஒம்பது நாள்…” பிறகு வீட்டு வழியைச் சொன்னார். வைத்துவிட்டு மூக்கைத் துடைத்துக்கொண்டார். “யாரோ டீச்சராம். அழறாங்க. கெளம்பி வர்றாங்களாம்.”

அந்தப் பொய் அப்பாவுக்கு மட்டும்தான் தெரியும். மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. டீச்சர் வந்து பேச்சை எடுத்தால் கூடத்தில் எல்லோர் முன்னாலும் விழும்.

நேற்று சாயங்காலமே மகளிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லத்தான் போனார். ரத்தத்தில் கிருமி கலந்துவிட்டது என்று டாக்டர் சொன்ன பிறகு ஒவ்வொரு நாளும் சொல்லத்தான் போனார். நேற்று அவள் நெற்றியில் புறங்கையை வைத்தபோது, கண்ணைத் திறக்காமலே கேட்டாள்.

“என்னப்பா, பானெட் சூடா இருக்கா?”

“ம்.”

“அப்பப் பேச்சே இல்ல. திரும்பிடுங்க.”

உதடு வெடித்திருந்ததால் பாதிச் சிரிப்புதான் சிரித்தாள். போர்வைக்கு மேலே அவள் கையில் மரக் குமிழ் இருந்தது.

“பீப்பீ, அன்னைக்கு அந்தப் பச்ச வண்டி…” என்று அவர் ஆரம்பித்தார்.

நர்ஸ் பாட்டில் மாற்ற வந்தார். “பேச வைக்காதீங்க சார். எதுவா இருந்தாலும் நாளைக்குப் பேசிக்கலாம்.”

அவருக்கும் அது வசதியாகத்தான் இருந்தது. நாளைக்குப் பேசிக்கொள்ளலாம் என்று எழுந்து வந்துவிட்டார்.

பத்தே முக்காலுக்கு அவளைக் கொண்டுவந்தார்கள். மேஜை இருந்த இடத்தில் கட்டிலைப் போட்டுக் கிடத்தினார்கள். லேபில் கூட வேலை செய்கிற பெண்கள் நால்வர் சுவரோரம் ஒட்டி நின்று அழுதார்கள். எதிர்வீட்டுக்காரர் அவர் தோளில் கை போட்டு, ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு, “வண்டி வண்டின்னு ஒத்தக் கால்ல நின்னுச்சே பிள்ள. நல்லவேளை, நீங்க வாங்கிக் குடுக்கல. ரோட்டுல ஏதாவது ஆயிருந்தா மொகம்கூட மிஞ்சியிருக்காது” என்றார். அந்த ஆளை ஓங்கி அறைய வேண்டும் போல அப்பாவுக்கு இருந்தது. ஆனால் இரண்டு வருடமாக இதே வார்த்தைகளைத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தவர் அவர்தான். தலையை மட்டும் ஆட்டினார்.

மனைவி அழவில்லை. மகளுக்குத் தலை சீவினாள். பைக்குள் தேடி மரக் குமிழை எடுத்து அவள் கைக்குள் வைத்தாள். விரல்கள் மடங்கவில்லை. குமிழ் உருண்டது. மறுபடியும் வைத்து, தன் கையால் மூடிப் பிடித்துக்கொண்டாள்.

அவர் பக்கத்தில் போய்க் குனிந்தார். ஒன்பது நாள் பழக்கம், கை தானாகவே நெற்றிக்குப் போனது. மனைவியும் பழக்கத்தில், நிமிராமலே கேட்டாள்.

“எப்படி இருக்கு?”

“சூடு இல்ல” என்றார்.

ஒன்பது நாளாக அவள் கேட்கக் காத்திருந்த பதில் அது. சொன்ன பிறகுதான் இரண்டு பேருக்கும் புரிந்தது. அவள் மகளின் மேல் அப்படியே விழுந்தாள். லேப் பெண்கள் ஓடி வந்து பிடித்தார்கள். அவர் தன் கையைப் பார்த்துக்கொண்டு நின்றார். இந்தக் கை ஒரு காரியத்தைத்தான் ஒழுங்காகச் செய்ய வேண்டியிருந்தது என்று நினைத்தார்.

கணக்கு டீச்சர் பதினொன்றரைக்கு வந்தார். தெருவில் இன்ஜின் சத்தம் கேட்டு அப்பா எட்டிப் பார்த்தார். பிளாஸ்டிக் நாற்காலிகளுக்கு அப்பால் கிளிப்பச்சை தெரிந்தது. டீச்சர் உள்ளே வந்து கட்டிலின் கால்மாட்டில் நின்று, பிறகு மனைவியின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். முட்டி வலி உள்ளவர் போல, சுவரைப் பிடித்துப் பிடித்துத்தான் உட்கார முடிந்தது. வண்டியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பத்து நிமிடம் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டிருந்துவிட்டு எழுந்தார்.

அப்பா கேட் வரைக்கும் கூடப் போனார். போகாமல் இருந்திருக்கலாம். மனசு கேட்கவில்லை.

“வண்டிய இன்னும் விக்கலீங்களா?” என்றார்.

“மகன் வீட்டோட போய்த் தங்கப் போறேன். அங்க வண்டி விட எடமில்ல. அதனாலதான் விக்கப் பாத்தேன். நாலு பேர் வந்து கேட்டாங்க. ஆனா இவ மாசம் பொறந்தா போன் பண்ணிடுவா. ‘இருக்கா ஆன்ட்டி?’ம்பா. இருக்கும்மான்னு சொல்றதுக்காகவே, நானும் போறதத் தள்ளிப் போட்டுட்டு வந்தேன். இந்த மாசம் போன் வரல. அதான் நானே பண்ணேன்.”

டீச்சர் சேலைத் தலைப்பால் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

“தப்பா எடுத்துக்கக் கூடாது. இன்னைக்குப் போய் இதப் பேசறேனேன்னு இருக்கு. அன்னைக்கு வண்டி சூடா இருக்குன்னு சொன்னீங்களாமே? எனக்கு ஆறவே இல்லைங்க. நீங்க வர்றதுக்கு ரெண்டு நாள் முன்னாடியிருந்து நான் வண்டிய எடுக்கவே இல்ல. முப்பத்தோரு வருஷம் பிள்ளைங்களுக்குக் கணக்கு சொல்லிக் குடுத்தவ நான். யாரையும் ஏமாத்தினதில்ல. அதை அவகிட்டயே சொன்னேன்.”

அவர் கேட்டைப் பிடித்துக்கொண்டார்.

“எப்பச் சொன்னீங்க?”

“அடுத்த நாளே. அவதான் போன் பண்ணினா.”

“என்ன சொன்னா?”

“சிரிச்சா. ‘அப்பா சொன்னா சூடுதான் ஆன்ட்டி’ன்னா. ‘ஆறட்டும், அப்புறமா வந்து எடுத்துக்கிறேன்’னா.”

டீச்சர் அவர் முகத்தைப் பார்த்தார். மெதுவாகப் போய் வண்டிக்குள் ஏறிக் கதவைச் சாத்தினார்.

எட்டு மாதம். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அவள் அவருக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறாள். “வண்டி பாக்கப் போலாமாப்பா?” என்று அதற்குப் பிறகு ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. ஆசை விட்டுப்போய்விட்டது என்று அவர் சந்தோஷப்பட்டிருக்கிறார்.

அவர் வண்டியின் முன்னால் போய் நின்றார். சாய்கிறவர்போல நடிக்கவில்லை. கையை நன்றாக விரித்து பானெட்டின் மேல் வைத்தார்.

டீச்சர் ஜன்னல் கண்ணாடியை இறக்கினார். “என்னங்க?”

“சூடா இருக்கு” என்றார்.

“இப்பத்தானே ஓட்டிட்டு வந்தேன். இருக்கத்தானே செய்யும்.”

அவர் கையை எடுக்கவில்லை. டீச்சர் சாவியைத் திருப்பாமல் உட்கார்ந்திருந்தார்.