மாவு பிசைகிற கை

1

இந்தக் கதை ஒரு பால் பவுடர் டப்பாவில் தொடங்கியது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். தண்டையார்பேட்டையில் நாங்கள் மாடி, ரிஃபானா குடும்பம் கீழ்வீடு. அவள் மாமியார் ஜஹானாரா வாங்கிவந்த டப்பா, பிரிக்காமல் மூன்று நாளாக அவர்கள் ஜன்னலில் இருந்தது. நான் எழுதுகிறவள். சும்மா இருப்பேனா?

முதல் வரி இப்படி வந்தது: "எண்ணூர்ப் பக்கம் கப்பல் ஊதியபோது ரிஃபானாவின் மார்பில்…"

சே. பால் போதாததற்கும் கப்பலுக்கும் என்ன சம்பந்தம்? அடித்துவிட்டேன்.

2

விஷயம் இதுதான். குழந்தை உமைமா பிறக்கும்போது இரண்டு கிலோ எழுநூறு. பத்தாம் நாள் இரண்டரைக்கும் கீழே. வெள்ளிக்கிழமைக்குள் எடை ஏறாவிட்டால் பவுடர் பால் சேர்க்கத்தான் வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ரிஃபானாவுக்கோ தன் பாலையே கொடுக்க வேண்டும். அதைச் சொல்லிச் சொல்லி அழுதாள்.

சுகாதார மையத்து நர்ஸ் ராமசெல்வி, பிள்ளையை அடிக்கடி மார்பில் போடச் சொன்னார். அதற்கு முன் வெதுவெதுப்பான ஈரத்துணியை வைத்து, விரல்களைத் தட்டையாக வைத்து, அக்குள் பக்கத்திலிருந்து காம்பை நோக்கிச் சின்னச் சின்ன வட்டமாக நீவக் கற்றுக்கொடுத்தார். (இந்த ஒரு வாக்கியத்தைக் கூச்சப்படாமல் எழுத எனக்கு மூன்று நாள் ஆனது. நானும் இரண்டு பெற்றவள்தான்.)

3

அடுத்து ஒரு தப்பு செய்தேன். ஜஹானாராவை வில்லியாக்கினேன். மருமகள்மேல் நம்பிக்கையில்லாமல் டப்பா வாங்கியவள், முகத்தைச் சுளிப்பவள், இத்யாதி. ஒரு பக்கத்துக்குமேல் அந்தப் பாத்திரம் நகரவில்லை. நிஜத்தில் மருமகளோடு மையத்துக்குப் போய், நர்ஸ் செய்ததைக் கண்கொட்டாமல் பார்த்துவந்தவர் அவர்தான்.

அவர் இருபது வருடமாகப் புரோட்டாக் கடையில் மாவு பிசைகிறவர். செவ்வாய்க்கிழமை மதியம், நானே நீவிவிடுகிறேன் என்று உட்கார்ந்தார். கை தனக்குப் பழகியதைத்தான் செய்தது. உள்ளங்கையின் அடிப்பாகம், தோள்பலம் முழுக்க, அரை மணி நேரம். ரிஃபானா பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தாள். வலித்தால்தான் வேலை செய்யும் என்று நினைத்தாளாம்.

மறுநாள் காலை மார்பு சிவந்து கல்லாக இருந்தது. காய்ச்சல் வேறு. இருந்த கொஞ்சப் பாலும் இறங்கவில்லை.

4

ராமசெல்வி அவளை டாக்டரிடம் காட்டி மருந்து வாங்கித் தந்தார். ஜஹானாரா உள்ளே வராமல் மையத்து வாசலிலேயே நின்றார்.

"என் கையாலதான் கெட்டுச்சு. புள்ள வாயில மண்ணள்ளிப் போட்டுட்டேன்" என்றார்.

நர்ஸ் திட்டவில்லை. "பாயம்மா, கண்ண மூடுங்க. வெரலால உங்க இமையத் தொடுங்க. வலிக்காம எவ்ளோ அமுக்க முடியுதோ, அவ்ளோதான்."

ஜஹானாரா தொட்டார். விரலை எடுக்கவேயில்லை. [இங்கே "கண்ணீர்" என்று எழுதி, மிகையாகிவிடுமோ என்று அடித்தேன். வந்தது வந்ததுதான். இருக்கட்டும்.]

காய்ச்சல் இறங்கிய பிறகு, ஒவ்வொரு தடவையும் தன் இமையைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் மருமகளைத் தொட்டார்.

5

வெள்ளிக்கிழமை. எடை மெஷினில் உமைமா. நான் இரண்டு முடிவு வைத்திருந்தேன்.

அ) எடை ஏறுகிறது. டப்பா கடைக்கே திரும்பிப் போகிறது.

ஆ) ஏறவில்லை. டப்பாவைப் பிரிக்கிறார்கள். ரிஃபானா அதைப் பார்க்காமல்…

நடந்தது என்னவென்று எங்கள் இருவருக்குமே தெரியும். இருந்தாலும் ரிஃபானாவிடம் இரண்டையும் படித்துக் காட்டினேன். பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே கேட்டாள்.

"ரெண்டும் வேணாங்க்கா. பால் வந்துச்சுன்னு எழுதுனா, வராதவ தன் மேலதான் தப்புன்னு அழுவா. வர்லன்னு எழுதுனா, நாளைக்குப் பெக்கப் போறவ இன்னிக்கே பயந்துடுவா. எங்க மாமி அவங்க கண்ணத் தொட்டுப் பாத்துகினு என்னத் தொட்டாங்கன்னு எழுதுக்கா. அது ரெண்டுலயும் கீது."

ஆகவே எடையை நான் எழுதப்போவதில்லை. குழந்தை நன்றாக இருக்கிறாள், அவ்வளவு போதும். முடிவு வேண்டுமென்றால் நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். அதற்கு முன் ஒரு தடவை கண்ணை மூடி, உங்கள் இமையைத் தொட்டுப் பாருங்கள்.